டீமேக்கர் வேலாயுதம் என்னை மலையேற்றிய கதை

கயிறு என் கையில் இருந்தது. பனியில் ஊறி, பிழிந்தால் தண்ணீர் சொட்டும் போலிருந்த முரட்டுக் கயிறு. தலைக்கு மேலே மணி. காலுக்குக் கீழே மேகம். சிவனொளிபாதமலையின் உச்சியில், நல்ல பகல் வெளிச்சத்தில், நான் திருடனைப் போல் முழித்துக்கொண்டு நின்றேன்.

அந்த உச்சியின் வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மலை ஏறி வந்தவர், தாம் எத்தனையாவது தடவை வந்திருக்கிறாரோ அத்தனை தடவை அங்குள்ள மணியை அடிக்க வேண்டும். முதல் தடவைக்காரருக்கு ஒன்று. பத்தாம் தடவைக்காரருக்குப் பத்து. அடிக்கிறவர் எண்ணுகிறாரோ இல்லையோ, பின்னால் நிற்கிறவர்கள் கட்டாயம் எண்ணுவார்கள்.

என் பின்னால் நின்றவர் வேலாயுதம். எங்கள் தோட்டத்துப் பாக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்று இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கழுத்தில் மப்ளர், கையில் கொய்யாக் கம்பு, இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்ற முகம்.

"ம்... அடிங்க கிளாக்கரையா. ஒம்போதுதானே? நான் எண்ணிக்கிறேன்" என்றார்.

தோட்டம் முழுக்க அறிய நான் எட்டுத் தடவை மலை ஏறியவன். இது ஒன்பதாவது. உண்மை என்னவென்றால், அந்தப் படிகளில் நான் கால் வைத்ததே அன்றுதான். இது என் மனைவி ராஜத்துக்குத் தெரியாது. தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் அந்த நாளில் எனக்கிருந்த பெரிய கவலை.

மணியை அப்படியே தொங்கவிட்டுவிட்டு, கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. இந்த வாரப் பத்தியில் நான் பழைய துரைமார்களின் கதையைத் தொடர்வதாக இருந்தேன். ஆனால் போன ஐப்பசி அடைமழைக் காலத்தில் வேலாயுதம் காலமாகிவிட்டார். துரைமார்கள் காத்திருக்கட்டும். அவர்களுக்காக நாங்கள் காத்திருந்ததற்கு இது ஒன்றும் அதிகமில்லை.

கூரைக்குக் கீழே முப்பது வருஷம்

திம்புள்ளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் கணக்கெழுதும் கிளாக்கர். வேலாயுதம் டீமேக்கர். கொழுந்து பகலில் வந்து சேரும். பாக்டரியின் மேல்மாடியில் வாடும். அரைப்பது, பரப்பி வைப்பது, அடுப்பில் காய வைப்பது எல்லாம் பெரும்பாலும் இரவு வேலை. அரைத்த கொழுந்து சிவந்து, பச்சை வாடை போய், தேயிலை வாசனை எழும்பும் அந்த ஒரு கணத்தை மூக்கால் பிடிப்பதுதான் டீமேக்கரின் வித்தை. கொஞ்சம் முந்தினாலும் கெட்டது, பிந்தினாலும் கெட்டது.

வேலாயுதத்தின் மூக்கு பெரிய மூக்கு. பார்வைக்கும் பெரிது. ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு, "கிளாக்கரையா, உங்க வீட்டுல இன்னைக்கு நெத்திலிக் கருவாடு. கொஞ்சம் அடிப்பிடிச்சிருச்சு" என்பார். என் வீடு ஆபீஸிலிருந்து இரண்டு வளைவு தள்ளி. மத்தியானம் போய்ப் பார்த்தால் ராஜம் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருப்பாள்.

அப்படிப்பட்ட மூக்கை வைத்துக்கொண்டு அந்த மனிதர் முப்பது வருஷம் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே வாசனையில் கிடந்தார். இரவெல்லாம் விழிப்பு, பகலெல்லாம் தூக்கம். வானம் வெளுக்கும் நேரத்தில் மேல்மாடியின் மேற்கு ஜன்னல் வழியாகச் சிவனொளிபாதமலையின் கூம்பு தெரியும். அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படுக்கப் போவார். ஒரு தடவைகூட ஏறியதில்லை. மலைக்குச் சனங்கள் போகும் சீசனும், குளிர்காற்றில் எங்கள் பக்கத்துத் தேயிலைக்கு வாசனை ஏறும் மாதங்களும் ஒன்றாக வந்து தொலைக்கும். டீமேக்கருக்கு அப்போது லீவு ஏது?

"முப்பது வருஷமா அந்த மலையைத் தூக்கக் கலக்கத்துலயே பாத்திருக்கேன் கிளாக்கரையா. ஒரு நாளாச்சும் முழிச்சிக்கிட்டுப் பாக்கணும்" என்பார்.

குடைக்குக் கீழே சோறு

ஓய்வு பெற்ற அன்று பெரிய துரை அவருக்கு ஒரு சாய்வு நாற்காலி பரிசளித்தார். இனிமேல் வீட்டில் சாய்ந்து கிட என்று அர்த்தம். வேலாயுதம் அதைத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் வாசலில் போட்டார். தலவாக்கலை ரோட்டோரத்தில் அவர் கட்டிய வீடு அது. இரண்டு சின்ன அறை, அவற்றைப்போல் நான்கு மடங்கு வாசல். நாற்காலி அதற்குப் பிறகு ஒரு நாளும் வீட்டுக்குள் போகவில்லை. அவரும் முடிந்தவரை போகவில்லை.

சவரம் வெளியில். பத்திரிகை வெளியில். சாப்பாடும் வெளியில். எங்கள் பக்கத்து மழைக்கு நேரங்காலம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். தூறல் விழுந்தால் இடது கையில் குடை, வலது கையில் சோறு. நானே கண்ணால் கண்டிருக்கிறேன்.

"உள்ள வந்தா என்ன, கூரை இடிஞ்சா விழுந்துரும்?" என்று கேட்டேன்.

"நீங்க வேற" என்றார் அவர் மனைவி பாக்கியம். "இந்த மனுசனுக்கு மழை பெய்ற அன்னைக்கு நான் ரசமே வைக்கிறதில்ல."

வேலாயுதம் சிரித்துச் சிரித்து, குடையைச் சாய்த்து, அந்த ரசத்தைக் கொஞ்சம் என் மேலும் ஊற்றினார்.

விடிந்ததும் கிளம்பிவிடுவார். மானாப்புல் மேடு, டர்பன்டைன் மரக் காடு, ஆற்றோரம், கோவில் மலை. போகிற வழியெல்லாம் நின்று மூக்கை நீட்டுவார். "மழை வருது, அந்தப் பக்கத்துலேருந்து." வரும். "இங்க எங்கேயோ காளான் முளைச்சிருக்கு." முளைத்திருக்கும். சின்னப் பிள்ளைக்கு முதன்முதலாக மிட்டாய்க் கடையைக் காட்டினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவருக்கு அந்த வெளி உலகம். அறுபது வயதில் ஒரு மனிதர் அவ்வளவு சந்தோஷமாக இருக்க முடியும் என்பதை நான் அவரிடம்தான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் வீட்டு வாசலில் வந்து நிற்பார். நானோ நாற்காலியோடு பிறந்தவன். நடப்பது என்றால் ஆபீஸுக்குப் போய் வருவது மட்டும்தான். அவர் என்னை இழுத்துக்கொண்டு போன முதல் நாள் என் கால்களில் பதினேழு அட்டைகள். அவர் காலில் ஒன்றுகூட இல்லை. "சவுக்காரம் தேச்சிட்டு வந்தேன்" என்று சோப்பு ரகசியத்தைச் சொன்னார், எல்லா அட்டையும் கடித்து முடித்த பிறகு.

என் எட்டு மலைகள்

இப்போது என் புளுகுக்கு வருகிறேன். நாடு சுதந்திரம் பெற்ற சமயத்தில் நான் அந்தத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தேன். முதல் நாள், பெரிய கிளாக்கர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் தொந்தியில் அவர் பார்வை கொஞ்சம் தங்கியது.

"தம்பி மலை ஏறியிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"மூணு தடவை" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சீசனிலும் தோட்டத்திலிருந்து ஒரு லொறி, மலைப்பாதை தொடங்கும் நல்லதண்ணி ஊருக்குப் போகும். மூன்று தடவை ஏறிய பெரிய ஆள் போகாமல் இருக்க முடியுமா? போவேன். எல்லாரும் இருட்டிலேயே ஏறத் தொடங்குவார்கள். நான் கால் பிடித்துக்கொண்டதாகச் சொல்லிப் பின்தங்குவேன். மலை அடிவாரத்தில் சீசனுக்குக் கடை போடும் காதர் நானாவின் கடையில் ஒரு பெஞ்சு உண்டு. அதில் படுத்துத் தூங்குவேன். அந்த நெரிசலில் யார் ஏறினார், யார் ஏறவில்லை என்று எவருக்குத் தெரியும்? இறங்கி வருகிறவர்களோடு கலந்து, "அரோகரா" என்று நானும் ஒரு சத்தம் கொடுத்து லொறியில் ஏறிக்கொள்வேன்.

இப்படி ஐந்து வருஷம். மூன்றும் ஐந்தும் எட்டு. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது எட்டு மலைக்கு நின்றது.

அந்த வருஷங்களில் ராஜம் கைக்குழந்தைகளோடு வீட்டில் இருந்தாள். நான் திரும்பி வந்ததும் வெந்நீர் வைத்துக் கொடுப்பாள். சாமியைப் பார்த்துவிட்டு வந்த கண் என்று என் கண்ணைப் பார்ப்பாள். அதுதான் என்னை வதைத்தது. பெரிய கிளாக்கரிடம் சொன்னது வெறும் பொய். ராஜத்திடம் சொன்னது பாவம் போல் உறுத்தியது. ஆனால் எட்டுப் பொய்யை ஒரே நாளில் எப்படிச் சொல்வது?

காலியாகக் கிடந்த பெஞ்சு

அந்தச் சீசனில் வேலாயுதம் வந்து நின்றார். "கிளாக்கரையா, நான் மலைக்குப் போறேன். எனக்குப் பாதை தெரியாது. எட்டுத் தடவை ஏறுன ஆளு, நீங்கதான் கூட்டிக்கிட்டுப் போகணும்."

"லொறி போற அன்னைக்குப் போவோம்" என்றேன், பெஞ்சை நினைத்து.

"ஐயோ, ராத்திரியிலயா? முப்பது வருஷம் ராத்திரியோட குடும்பம் நடத்தியாச்சு. நாம பகல்ல போவோம். நீங்களும் நானும் மட்டும்."

ராஜம் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "போயிட்டு வாங்களேன். உங்களுக்குத்தான் பழக்கமாச்சே" என்றாள்.

ஹட்டன் போய், பஸ் மாறி, நல்லதண்ணி மடத்தில் தங்கி, விடிந்த பிறகு கிளம்பினோம். காதர் நானாவின் கடையைத் தலையைக் குனிந்துகொண்டு கடக்கப் பார்த்தேன். நானா விடுவாரா?

"கிளாக்கரையா! எங்க ஓடுறீங்க? ஒங்கட பெஞ்சு சும்மாதான் கெடக்கு, வாங்க!"

வேலாயுதத்தின் முகத்தைப் பார்த்தேன். அவர் எதிரே இருந்த மரத்தில் ஒரு குருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல குருவி" என்றார்.

ஏறினோம். அவர் ஏறினார், நான் ஏற்றப்பட்டேன் என்பதுதான் சரி. குளிர்ந்த ஓடையில் முகம் கழுவினோம். மேலே போகப் போக மரங்கள் குள்ளமாகின. சிவப்புப் பூக்கள் வந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று மூக்கை நீட்டி, கண்ணை மூடி, "இது வேற மாதிரி" என்பார். நான் அந்த இடைவெளியில் மூச்சு வாங்கிக்கொள்வேன். வெள்ளைச் சேலை கட்டிய சிங்கள அம்மா ஒருத்தி, என்னைவிட இருபது வயது மூத்தவள், என்னைத் தாண்டிப் போகும்போது பரிதாபப்பட்டு, "ஹெமின் யன்ன மாத்தயா" என்றாள். மெதுவாகப் போங்கள் என்கிறாள். அதைவிட மெதுவாகப் போனால் நான் கீழேதான் போக வேண்டும்.

மூன்று அடி

அப்படியாக உச்சி வந்தது. பாறையில் பதிந்த சிவன் பாதத்தைக் கும்பிட்டோம். மணிக்குக் கீழே வந்தோம். கயிறு என் கைக்கு வந்தது. "ஒம்போதுதானே?" என்றார் வேலாயுதம்.

அடித்தேன்.

"ஒண்ணு."

மலையைச் சுற்றிலும் அந்தச் சத்தம் போய் வந்தது. மறுபடி அடித்தேன்.

"ரெண்டு."

அடித்தேன்.

"மூணு."

அதற்கு மேல் கை எழும்பவில்லை. பக்தியா, களைப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ராஜத்தின் முகம் கண்ணுக்குள் வந்தது. கயிற்றை விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்து, மூன்று தடவை என்று சொன்ன முதல் நாளிலிருந்து நானாவின் பெஞ்சு வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

வேலாயுதம் முழுவதையும் கேட்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அந்த வெள்ளைச் சேலை அம்மா திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய், ஒரே ஒரு தடவை மணியை அடித்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் ஒண்ணோட நிறுத்திக்கிட்டேன். நீங்கதான் ரெண்டு கூட அடிச்சிட்டீங்க" என்றார்.

"இப்ப என்ன செய்றது?"

"என்ன செய்றது? இன்னும் ரெண்டு தடவை வந்தாகணும். சாமி முன்னால அடிச்ச மணியைத் திருப்பி எடுக்க முடியுமா?"

"ராஜத்துக்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க டீமேக்கரையா."

அவர் கீழே மேகத்தைப் பார்த்தார். "நான் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு. ஊருக்குச் சொன்ன ஒம்போதையும் உண்மையாக்கிருவோம். அது வரைக்கும் யாரு கேட்டாலும் நீங்க எண்ணிக்கையைக் கூட்டக்கூடாது. ஒம்போதும் முடிஞ்ச அன்னைக்கு நீங்களே தங்கச்சிகிட்ட சொல்லிருங்க."

அதுதான் ஒப்பந்தம். அன்று முதல் யாராவது எத்தனை தடவை என்று கேட்டால், "சாமி காரியத்துல எண்ணுறதை விட்டுட்டேன்" என்று பெரிய ஞானி போல் சொல்லத் தொடங்கினேன்.

இரண்டாம் வருஷம் என்னை மணிப் பக்கமே விடவில்லை. "நீங்கதான் போன வருஷமே அடிச்சு வச்சிட்டீங்களே" என்று சொல்லிவிட்டு, தாம் மட்டும் போய் இரண்டு அடித்தார். மூன்றாம் வருஷமும் அதே கதை. நான்காம் வருஷம்தான் எனக்குக் கயிறு கிடைத்தது. நான்கும் உண்மையான அடி. எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா?

வருஷத்துக்கு ஒரு தடவை, எப்போதும் பகலில், எப்போதும் நாங்கள் இருவர். என் தொந்தி கரைந்தது. அட்டைகளுக்கு முன்னால் சவுக்காரம் தேய்த்துக்கொள்ளும் புத்தி வந்தது. மழை வாசனைகூடச் சில சமயம் எனக்குப் பிடிபட்டது. நானா தம்முடைய பெஞ்சை விறகு அடுக்க வைத்துக்கொண்டார். என் வாழ்க்கையின் மிக நல்ல வருஷங்கள் அவை. அவரிடம் ஒரு நாளாவது இதைச் சொல்லியிருக்கலாம்.

ஒன்பதாவது

எட்டு முடிந்திருந்தது. ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு காலையில், வேலாயுதம் கான்வாஸ் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாராம். வெளியே கிளம்பத்தான். பாக்கியம் பின்னாலிருந்து தேத்தண்ணிக் கோப்பையோடு வந்திருக்கிறார். "வாசனைக்கு மூணடி தூரத்துலயே தலை திரும்பும் கிளாக்கரையா. அன்னைக்குத் திரும்பல. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு" என்றார்.

கூரைக்கு வெளியே, சப்பாத்தோடு போனார். அவர் விரும்பியிருக்கக்கூடியதும் அதுதான். மேற்கே மலை தெரியும் சரிவில் அடக்கம் செய்தோம்.

தை பிறந்ததும் பாக்கியம் என் வீட்டுக்கு வந்து கொய்யாக் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, "சீசன் தொடங்கிருச்சு. இது சும்மா கிடக்கு" என்றார். அவ்வளவுதான்.

தனியாகப் போனேன். பகலில் ஏறினேன். நானா பழக்க தோஷத்தில் இரண்டு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். உச்சியில் ஒன்பது அடித்தேன், நிறுத்தி நிறுத்தி. எண்ண ஆளில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ராஜம் என் முழங்காலில் எண்ணெய் போட்டுத் தேய்த்தாள். ஒப்பந்தப்படி அன்றுதான் சொல்ல வேண்டிய நாள்.

"ராஜம், ஒரு விஷயம் சொல்லணும். இந்த மலை... முந்தி நான் ஏறுனதாச் சொன்னேனே..."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "அந்த எட்டும் பொய்தானே? தெரியும்."

நிமிர்ந்து உட்கார்ந்தேன். "டீமேக்கர் சொன்னாரா?"

"அண்ணனா? அவரு வாயைத் திறக்கிற ஆளா? நம்ம வாசல்ல ஏழு படி இருக்கு. மலை ஏறி இறங்குனவங்க எல்லாம் மறுநாள் கால் மடங்காம, நண்டு மாதிரி பக்கவாட்டுல இறங்குவாங்க. நீங்க மட்டும் துள்ளிக்கிட்டு ஆபீசுக்குப் போனீங்க. அஞ்சு வருசம் பாத்தேன்."

நான் வாசல் பக்கம் திரும்பிப் படிகளை எண்ணிப் பார்த்தேன்.

"அதான் அண்ணன் ரிட்டையராகி வந்ததும் நானே போய்ச் சொன்னேன். 'அண்ணே, இவரை ஒரு தடவையாச்சும் ஏத்தி இறக்கிக் கொண்டாங்க. எனக்குத் தெரியும்னு மட்டும் சொல்லிராதீங்க, மனசு ஒடிஞ்சிருவாரு'ன்னு."

என் இரகசியத்தை அவளிடமிருந்தும், அவள் இரகசியத்தை என்னிடமிருந்தும் காப்பாற்றிக்கொண்டு, எட்டு வருஷம் அந்த மனிதர் என் பக்கத்தில் மலை ஏறி இறங்கியிருக்கிறார். பூக்களை முகர்ந்துகொண்டே. குருவி பார்த்துக்கொண்டே.

"அது சரி" என்றாள் ராஜம். "அந்த முதல் தடவை மேல போய் எத்தனை அடிச்சீங்க? நானும் அண்ணன்கிட்ட கேட்டுக் கேட்டுப் பாத்துட்டேன். 'அது கிளாக்கரையாவுக்கும் எனக்கும் சாமிக்கும் உள்ளது தங்கச்சி'ன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல."

"மூணு" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் எண்ணெய்க் கிண்ணம் கவிழ்ந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். நானும்தான்.

மறுநாள் காலை ஆபீஸுக்குக் கிளம்பினேன். கால் மடங்கவில்லை. கொய்யாக் கம்பை ஊன்றி, பக்கவாட்டில், நண்டு போல் முதல் படியில் கால் வைத்தேன். ராஜம் கதவோரம் வந்து நின்றாள்.

"மெதுவா இறங்குங்க" என்றாள். "நான் எண்ணிக்கிறேன்."